லோறா ஏன் சிரிக்க வேண்டும்?

பிறர் முன்னால் முகத்தை மலர்த்தி வைத்திருப்பது ஒழுக்கமா, அல்லது வெறும் வேலை நிபந்தனையா? உணவகங்களில் வேலை செய்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அதை நிதானமாக யோசிக்க வைத்தது ஒரு கார்ட்டூன் பாத்திரம் என்றால் சில நண்பர்கள் சிரிக்கக்கூடும். தத்துவம் தடித்த புத்தகங்களிலிருந்துதான் வரவேண்டும் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே அதிகம். பல்கலைக்கழகத்தை அரைவழியில் விட்டுவந்தவர்களிடம் இந்த மயக்கம் சற்றுக் கூடவே இருக்கும். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு வேலை முடிந்து வந்து, கால் வீக்கம் வற்றும்வரை சுவரில் சாய்ந்திருக்கிறவர்களுக்குத் தடித்த புத்தகங்கள் கைகூடுவதில்லை. கைகூடியது லோறா.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'டொக்டர் காட்ஸ்' என்ற கேலிச்சித்திரத் தொடரின் காரியதரிசி அவள். ஜொனதன் காட்ஸ் என்ற நகைச்சுவையாளரும் ரொம் ஸ்னைடர் என்பவரும் சேர்ந்து உருவாக்கிய தொடர் அது. 1995 மே மாதம் 'கொமெடி சென்ட்ரல்' அலைவரிசையில் தொடங்கி, 1999 வரை நடந்து, மிஞ்சிய ஒருசில அங்கங்கள் 2002இல் காட்டப்பட்டு முடிந்தது. கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. விவாகரத்தான, நடுத்தர வயதுள்ள ஓர் உளச்சிகிச்சையாளர். வேலைவெட்டியில்லாமல் அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் 24 வயது மகன் பென். அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் லோறா. சிகிச்சைக்கு வருகிறவர்களாக உண்மையான மேடை நகைச்சுவையாளர்களே குரல் தந்தார்கள். மேடையில் சொல்லும் பகிடிகளை இங்கே மனக்குறைகளாகச் சொல்லுவார்கள். படம் மிகச் சிக்கனமாகச் செய்யப்பட்டது. உருவங்கள் அதிகம் நடக்கமாட்டா, ஓடமாட்டா. ஆனால் அவற்றின் ஓரக்கோடுகள் மட்டும் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். கதிரையில் அசையாமல் இருக்கிற ஆளின் விளிம்பும் நடுங்கும்.

லோறா அப்படி அசையாமல் இருக்கிறவள். மேசைக்குப் பின்னால் எதையாவது வாசித்துக்கொண்டோ தொலைபேசியில் பேசிக்கொண்டோ இருப்பாள். டொக்டர் ஏதாவது கேட்டால், கேட்டதற்கு மறுமொழி வரும். ஆனால் அந்த மறுமொழியில் ஒரு சின்ன ஊசி இருக்கும். குரல் ஏறாது, இறங்காது. கோபமும் இல்லை, அன்பும் இல்லை. சிகிச்சைக்கு வந்திருப்பவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்பது அவளுக்குச் சுவரில் பூசியிருக்கிற வர்ணத்தைப் போன்றது. அவளுக்குக் குரல் கொடுத்தவரின் பெயரும் லோறாதான், லோறா சில்வர்மன்.

இந்தத் தொடரின் பழைய இறுவட்டுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அறையில் வழக்கு வரும். எங்களில் மூத்தவர் ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அவருக்கு லோறாவைக் கண்ணில் காட்டக் கூடாது.

"உவளுக்கு என்னத்துக்குச் சம்பளம் குடுக்கினம்? வாற சனத்தை ஒருக்கா நிமிந்து பாத்து 'இருங்கோ' எண்டு சொல்லேலாதே?"

"அண்ணை, உங்கட சங்கக்கடையிலை நீங்கள் ஆருக்குச் சிரிச்சனீங்கள்?" என்று இளையவன் ஒருவன் கேட்பான்.

"நான் சிரிக்கேல்லைத்தான். ஆனால் கூப்பன் சனத்துக்குச் சீனி ஒரு நிறை குறைஞ்சிருந்தால் சொல்லு பாப்பம்."

எல்லோரும் சிரித்துவிட்டுப் படுத்துவிடுவோம். ஆனால் அண்ணை கோபத்தில் சொன்ன அந்த மறுமொழிக்குள் இந்த விடயத்தின் முக்கால்வாசி இருக்கிறது என்று எங்களுக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் சிரிப்பின் விலையைப் பார்க்கவேண்டும்.

சிரிப்புக்கு விலை உண்டு. அது எழுதப்பட்ட விலை. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி, ரிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 2 டொலர் 13 சதம். இது 1991இல் வைக்கப்பட்ட தொகை. சாதாரண ஆகக் குறைந்த கூலியான 7 டொலர் 25 சதத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள மிச்சம் வாடிக்கையாளர் மேசையில் விட்டுப்போகும் பணத்திலிருந்து நிரம்பவேண்டும். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன என்பது உண்மை. நாங்கள் இருக்கிற ஒன்ராறியோவிலும் மதுபானம் பரிமாறுகிறவர்களுக்கு வேறாக ஒரு குறைந்த கூலி இருந்தது. அது 2022 ஜனவரி 1ஆம் திகதிதான் நீக்கப்பட்டது. இந்தக் கணக்கின் பொருள் என்ன? சாப்பாட்டுத் தட்டைத் தூக்குகிற கைக்கு ஒரு விலை, அந்தக் கைக்கு மேலே இருக்கிற முகத்துக்கு இன்னொரு விலை. முதலாவதை முதலாளி கொடுக்கிறார். இரண்டாவதைச் சாப்பிட வந்தவர் தன் மனநிலையைப் பொறுத்துக் கொடுக்கிறார், அல்லது கொடுக்காமல் போகிறார்.

சமையலறைக்கும் முன்மண்டபத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஆடுகிற கதவொன்று எங்கள் உணவகத்தில் உண்டு. மேசைகளுக்குப் பரிமாறுகிற பிள்ளை அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரும்போது, வெளியே இருந்த சிரிப்பு இரண்டடிக்குள் இறங்கிவிடும். திரும்பப் போகும்போது கதவுக்கு இந்தப் பக்கத்திலேயே ஏறிவிடும். கோப்பை கழுவுகிற, வெங்காயம் வெட்டுகிற எங்கள் முகங்களை ஒருவரும் விலைக்குக் கேட்பதில்லை. எங்களிடம் வாங்குவது கைகளையும் முதுகையும் மட்டுந்தான். அதனால் கூலி குறைவு. ஆனால் எங்கள் முகங்கள் எங்களிடமே இருக்கின்றன. எது நட்டம், எது லாபம் என்பதை எந்தக் கணக்காளரும் சொல்லப்போவதில்லை.

ஆர்லி ஹொக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் வெளியிட்ட நூலொன்றில் இதைப் பற்றித்தான் எழுதினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அவர், அவர்கள் விற்பது உடலுழைப்பை மட்டுமல்ல, உணர்ச்சியையும் என்றார். சிரிக்கவேண்டும் என்பது மட்டுமல்ல, அந்தச் சிரிப்பு மனதிலிருந்து வருவதுபோல இருக்கவேண்டும் என்பதும் வேலையின் பகுதி. இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று அவர் பெயரிட்டார். தொழிற்சாலைத் தொழிலாளிக்குத் தன் கை தனக்கு அந்நியமாகிப்போவது போல, இந்த வேலையில் ஒருவருக்குத் தன் சிரிப்பே அந்நியமாகிப்போகிறது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும்போது, இது என்னுடையதா கடையினுடையதா என்ற சந்தேகம் வருகிறது.

லோறா இந்த வியாபாரத்துக்கு வர மறுக்கிறாள். அவளுக்கு ரிப்ஸ் கிடையாது. மேசையில் இருப்பதற்குச் சம்பளம். அந்தச் சம்பளத்துக்குள் தன் முகம் அடங்கவில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். பார்க்கிற எங்களுக்கு உள்ளூர ஒரு சந்தோசம் ஏற்படுவது இதனால்தான்.

இந்த இடத்தில், எங்கள் பண்பாடு விருந்தோம்பலை அறமாகச் சொன்ன பண்பாடு அல்லவா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் இருக்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள் அனிச்சப் பூவையும் விருந்தினரின் மனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. முகம் கோணினால் வந்தவர் வாடிப்போவார் என்பது அதன் கவலை. ஆனால் அந்த அதிகாரம் யாருக்குச் சொல்லப்பட்டது? தன் வீட்டில், தன் சோற்றை, பணம் வாங்காமல் பகிர்கிறவனுக்கு. இங்கே உணவகத் தொழில், வாடிக்கையாளரை விருந்தினர் என்று அழைக்கப் பழகிவிட்டது. விருந்தினர் என்ற சொல் வந்ததும் வீடு என்ற எண்ணமும் வருகிறது. வீடு யாருடையது? கட்டிடம் முதலாளியினுடையது, அல்லது வங்கியினுடையது. சோறும் எங்களுடையதல்ல, மிஞ்சியதை எடுத்துப்போகவும் அனுமதி கேட்கவேண்டும். தனக்கென்று ஒரு வாசல் இல்லாதவரிடம், இன்னொருவரின் வாசலில் நின்று முகமலர்ச்சி காட்டச் சொல்வது அறமாகாது. அது வேடம். எங்களுடைய விருந்தோம்பல் எங்கள் அடித்தள அறையில், நள்ளிரவில், இருக்கிற ஒரு கறியோடு யாராவது வந்து தட்டும்போது நடக்கிறது. அங்கே முகம் கோணினால் அது பிழை.

லோறாவின் குளிர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கவனிக்கச் சில அங்கங்கள் பார்க்கவேண்டும். முதலாளியின் மகன் பென் நினைத்த நேரத்தில் அலுவலகத்துக்கு வருகிறான். அவனுக்கு அவள்மேல் ஒரு விருப்பம். மேசையருகில் நின்று கதைகொடுக்கிறான். தன் புதுத் திட்டங்களைச் சொல்லுகிறான், பகிடி விடுகிறான், வெளியே போகலாமா என்று சுற்றிவளைத்துக் கேட்கிறான். அவள் வெட்டுகிறாள். அடுத்த அங்கத்தில் திரும்ப வருகிறான். பென் கெட்டவனல்ல, பார்க்கப் பாவமாயிருக்கும் சோம்பேறி. அவனுக்குக் குரல் கொடுத்த எச். ஜோன் பெஞ்ஜமின்தான் பின்னர், 2011இல் தொடங்கிய இன்னொரு தொடரில், வியர்த்துக் களைத்த ஒரு பேர்கர் கடைக்காரருக்குக் குரல் கொடுத்தார். எங்கள் சமையலறையில் அந்தக் கடைக்காரருக்கு விசிறிகள் உண்டு. ஆனால் லோறாவின் கதிரையிலிருந்து பாருங்கள். வந்து நிற்பது சம்பளம் கொடுக்கிறவரின் மகன். அவனுக்கு எழுந்து போக உரிமை உண்டு, அவளுக்கில்லை. மேசை அவளுடைய வேலைத்தலம், ஆகவே அவள் அங்கேதான் இருக்கவேண்டும். இப்படி நகர முடியாமல் இருக்கிற ஒருத்தி ஒருமுறை மரியாதைக்குச் சிரித்தாலும் அது சம்மதமாக எண்ணப்படும். உணவக மேசைகளில் பரிமாறுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். ரிப்ஸுக்காகச் சிரித்த சிரிப்பைத் தனக்காகச் சிரித்ததாக எடுத்துக்கொண்டு, கடை மூடும்வரை வெளியே காத்துநிற்கிறவர்கள் இருக்கிறார்கள். லோறாவின் முகம் ஒரு சுவர். எழுந்து போக முடியாதவர்கள் தங்களைச் சுற்றி எழுப்பிக்கொள்கிற சுவர்.

உள்ளே, அடுத்த அறையில் இருக்கிற டொக்டர் காட்ஸோ எதிர்மாதிரி. மென்மையானவர், பொறுமையானவர். சொல்வதைக் கேட்கிறார். ஆனால் குறித்த நேரம் வந்ததும் ஓர் இசை எழும்பும். நேரம் முடிந்துவிட்டது என்று அவர் சொல்லுவார். வாழ்க்கையின் பெருந்துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதி வசனத்தோடு எழும்பவேண்டும். நாங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. கேட்பதும் ஒரு வேலைதான். அதற்கும் மணித்தியாலம் உண்டு. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு அறைகள்: ஒன்றில் காசுக்கும் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்ட கனிவு, மற்றதில் விலைக்குப் போகாத குளிர்ச்சி. எதில் பொய் குறைவு என்று கேட்டால் மறுமொழி சொல்வது எளிதல்ல.

இவ்வளவும் லோறாவின் பக்கத்து நியாயங்கள். இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடியும். ஆனால் நாங்கள் அகதிகள். மேசைக்குப் பின்னால் அல்ல, மேசைக்கு முன்னால் நின்று எங்கள் வாழ்க்கையின் நல்ல வருடங்களைக் கழித்தவர்கள். எண் எழுதிய சீட்டைக் கையில் பொத்திக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தவர்கள். கண்ணாடிக்கு அப்பால் இருந்து தலைநிமிராமல் 'அடுத்தது' என்று வரும் குரலை நாங்கள் அறிவோம். எங்களில் ஒருவருடைய கோப்பு ஒரு அலுவலகத்தில் மாதக்கணக்கில் தவறான அடுக்கில் கிடந்தது. அவர் ஒவ்வொரு முறை போனபோதும், பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே குரலில் மறுமொழி வந்தது. அடுக்கைப் பார்க்க ஒருவரும் எழும்பவில்லை. அந்த இடைவெளியில் ஊரில் அவருடைய தாய் காலமானார். பயணப் பத்திரம் இல்லாததால் அவர் போகவில்லை.

அப்படியானால் தொலைக்காட்சியில் கைதட்டி ரசிக்கிற அதே முகத்தைக் கண்ணாடிக்கு அப்பால் கண்டால் ஏன் வயிறெரிகிறோம்? இதுதான் எங்களுக்கு முன்னாலுள்ள உண்மையான சிக்கல்.

அதிகாரம் உள்ளவன் காட்டும் அலட்சியம் வேறு, இல்லாதவள் காட்டும் அலட்சியம் வேறு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நம்முடைய கூட்டங்களில் இப்படிச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது போதாது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறவரும் சம்பளத்துக்கு இருக்கிறவர்தான். அவருக்கும் கால் வீங்கும். அவருக்கு மேலேயும் ஒருவர் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருப்பார். மேலே சொன்ன ஹொக்ஷில்ட், விமானப் பணிப்பெண்களோடு கடன் அறவிடுகிறவர்களையும் ஆராய்ந்தார். பணிப்பெண்ணிடம் கனிவை உற்பத்தி செய்யச் சொல்லுகிற அதே பொருளாதாரம், கடன் அறவிடுகிறவரிடம் கடுமையை உற்பத்தி செய்யச் சொல்லுகிறது. ஆகவே குளிர்ந்த முகம் எப்போதும் கலகக்காரரின் முகமாக இருக்கவேண்டியதில்லை. அதுவும் மேலேயிருந்து வந்த கட்டளையாக இருக்கலாம். லோறாவின் குளிர்ச்சி முதலாளிக்கு எதிரானது. அந்த அலுவலரின் குளிர்ச்சி முதலாளிக்கு வசதியானது. வெளியே நின்று பார்த்தால் இரண்டு முகமும் ஒன்று.

முகத்தை வைத்துப் பிரிக்க முடியாவிட்டால் வேறு எதை வைத்துப் பிரிப்பது? எங்களுக்குத் தெரிவது இரண்டு அளவுகோல்கள்.

முதலாவது, நக்கலும் அலட்சியமும் ஒன்றல்ல. லோறாவை எல்லோரும் அலட்சியக்காரி என்கிறார்கள். ஆனால் அவள் மறுமொழி சொல்லுகிறாள். பென் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து, அதைத் திருப்பி, அவனுக்கே எறிகிறாள். காது கொடுத்துக் கேட்காத ஒருவரால் இதைச் செய்ய முடியாது. அந்தத் தொடரின் உரையாடல்களில் பெரும்பகுதி முன்கூட்டி எழுதப்பட்டதல்ல; குரல் கொடுத்தவர்கள் ஒருவருக்கொருவர் மறுமொழியாக அந்த இடத்திலேயே பேசியதைப் பதிவுசெய்து, வெட்டிக் கோத்திருக்கிறார்கள். அந்தச் சொற்கள் கேட்ட காதிலிருந்தே வந்தன. நக்கல் ஒருவகைக் கவனிப்பு. நீ சொன்னதைக் கேட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை என்பது அதன் பொருள். உண்மையான அலட்சியத்தில் நக்கல் இல்லை. அதில் 'அடுத்தது' மட்டுந்தான் இருக்கிறது.

இதை அகதிகள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள். ஊரில் நக்கல், நையாண்டி, நளினம் என்று மூன்று கத்திகளோடு திரிந்தவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் எங்களிடம் இருப்பது 'சொறி', 'தாங்க்யூ', 'நோ புறொப்ளம்' என்ற மூன்று சொற்கள். ஒருவர் எங்களை மட்டம்தட்டிப் பேசும்போது, பிடித்துத் திருப்பி எறியக்கூடிய சொல் இரவு படுக்கையில்தான் வரும், அதுவும் தமிழில் வரும். கூடுதல் நேரத்துக்குக் கூலி பிறகு பார்ப்போம் என்று முதலாளி சொன்னால், வாய் 'நோ புறொப்ளம்' என்கிறது. கோப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பியதும், "ஓமோம், பொன்னாடையும் போர்த்துவாராம்" என்று ஒருவர் முணுமுணுக்க, சமையலறை முழுதும் குலுங்குகிறது. என்ன சிரிக்கிறீர்கள் என்று முதலாளி கேட்கிறார். 'நோ புறொப்ளம்'. ஒரு மொழியில் நக்கலடிக்க முடிகிற நாளில்தான் அந்த மொழியில் ஒருவருக்குக் குடியுரிமை கிடைக்கிறது. கடவுச்சீட்டு அதற்கு முன்னரே வந்துவிடலாம். லோறாவிடம் நாங்கள் பொறாமைப்படுவது இதைத்தான். அவள் தன் முதலாளியின் மொழியில், முதலாளிக்கு முன்னாலேயே, தமிழ்ச் சமையலறையில் நாங்கள் பேசுவதுபோலப் பேசுகிறாள்.

இரண்டாவது அளவுகோல்தான் சங்கக்கடை அண்ணையின் சீனி நிறை.

1785இல் வெளியான தன் ஒழுக்கவியல் நூலில் ஜேர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ற் ஒரு கடைக்காரரைக் கொண்டுவருகிறார். விலை தெரியாமல் வருகிற வாடிக்கையாளரையும் அவர் ஏமாற்றுவதில்லை. நல்லது. ஆனால் ஏன் ஏமாற்றவில்லை? ஏமாற்றினால் வியாபாரம் கெடும் என்பதற்காக என்றால், அதில் ஒழுக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை என்கிறார் கான்ற். அதே நூலில் இன்னொரு ஆளும் வருகிறார். இயல்பிலேயே குளிர்ந்தவர், மற்றவர்களின் துன்பம் அவர் மனதைத் தொடுவதில்லை. ஆனாலும் செய்யவேண்டியது என்பதற்காக உதவி செய்கிறார். உருகி உருகி உதவுகிறவரின் செயலைவிட இவருடைய செயலுக்கே கான்ற் ஒழுக்க மதிப்புக் கொடுக்கிறார். இது மிகையென்று அந்தக் காலத்திலிருந்தே கேலி செய்தவர்கள் உண்டு. சாதாரண வாழ்க்கையில் உருகுகிறவர்களைத்தான் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் வரிசையில் நிற்கிறவனுக்குக் கான்றின் குளிர்ந்த மனிதர் பெரிய உதவி.

எங்களில் இன்னொருவருக்கு நடந்தது இது. அவருடைய விண்ணப்பத்தை வாங்கிய பெண் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, வணக்கம் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஏழாம் பக்கத்தில் விரலை வைத்தாள். கையெழுத்து விடுபட்டிருந்தது. பேனையைத் தள்ளிவிட்டாள். பிறகு நாட்காட்டியைத் திருப்பி, இன்றைக்குள் கொடுக்காவிட்டால் தவணை முடிந்துவிடும் என்று ஒரு திகதியைக் காட்டினாள். அவ்வளவுதான். அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவர் இன்றைக்கு இந்த நாட்டில் இருப்பது அந்த விரலால். அதற்கு முன் வேறொரு மேசையில், நிறையச் சிரித்த ஒருவர், எல்லாம் சரியாயிருக்கிறது, கவலைப்படவேண்டாம் என்று அதே தாள்களைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

ஆகவே எங்களுக்குத் தெரிகிற விடை இதுதான். ஒருவர் இன்னொருவருக்குக் கடமைப்பட்டிருப்பது முகத்தையல்ல, கவனத்தை. விருப்பத்தையல்ல, சரியான நிறையை. முன்னால் நிற்கிறவருக்கு வேறு கதவு இல்லையென்றால் இந்தக் கடன் பலமடங்காகிறது. உணவகத்தில் சாப்பாடு பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போகலாம். டொக்டர் காட்ஸின் அறைக்கு வருகிறவர்கள் வேறு டொக்டரிடம் போகலாம். எண் சீட்டோடு நிற்கிறவருக்குப் போக இடமில்லை. அந்தக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது. அங்கே தலைநிமிராமல் இருப்பது வேலையில் களைப்பு என்ற கணக்கில் அடங்காது.

இந்த அளவுகோலை லோறாவுக்கும் பிடிக்கவேண்டும். அவளை நாயகியாக்குவது எங்கள் நோக்கமல்ல. அவள் சிரிக்காமல் இருப்பதில் எங்களுக்கு வழக்கில்லை. பென்னை வெட்டுவதில் வழக்கில்லை. முதலாளியை நக்கலடிப்பதில் நிச்சயமாக வழக்கில்லை. ஆனால் உடைந்துபோய் வந்து காத்திருக்கிற ஒருவரை, தான் வாசித்துக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு இடைஞ்சலாக அவள் பார்க்கிற இடங்களில் அண்ணையின் பக்கம் நியாயம் இருக்கிறது. அது நகைச்சுவைத் தொடர், வருகிறவர்கள் பகிடிக்காரர்கள், அங்கே ஒருவருடைய கோப்பும் தொலைவதில்லை என்பதால் நாங்கள் சிரிக்கலாம். அதே கதிரையை வேறு கட்டிடத்தில் போட்டால் சிரிக்க முடியாது. எங்களுக்கு முகம் காட்டவேண்டாம், வேலையைக் காட்டு என்று லோறாவிடம் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. முகத்தையும் சேர்த்துக் காட்டு என்று சொல்ல அவளுடைய முதலாளிக்கும் உரிமை இல்லை.

இதை வெறும் கார்ட்டூன் வழக்காக விட்டுவிட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் மேசைகளுக்குப் பின்னால் போகத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் சமையலறைக்குள் ஒளிந்திருந்தோம்; எங்கள் ஆங்கிலம் எங்களை உள்ளேயே வைத்திருந்தது. பிள்ளைகளின் ஆங்கிலம் அவர்களை முன்னுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கோப்பிக் கடைகளில், வங்கிகளில், மருத்துவமனைகளில், நாளைக்கு அதே கண்ணாடிகளுக்கு அப்பாலும் அவர்கள் இருப்பார்கள். சிலர் இப்போதே இருக்கிறார்கள். அண்மையில் ஒரு நண்பரின் பதினேழு வயது மகள் கோப்பிக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் பயிற்சியிலேயே எப்படிச் சிரிக்கவேண்டும் என்று காட்டினார்களாம். கன்னம் நோகுது மாமா என்றாள்.

அவளுக்கு என்ன சொல்வது என்று நாங்கள் கூடிக் கதைத்தோம். அண்ணையும் இருந்தார். கடைசியில் இவ்வளவுதான் சொன்னோம். சிரிப்பு வந்தால் சிரி, பிள்ளை. வராவிட்டால் அதற்காக இரவு நித்திரையைக் கெடுக்காதே. மிச்சக்காசைச் சரியாக எண்ணிக் கொடு. ஆராவது அளவுக்கு மிஞ்சிக் கதைகொடுத்தால் வெட்டிப் பேசு, உனக்கு அந்த மொழி வரும். ஆனால் ஒரு ஆள் வந்து முன்னால் நின்று, பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல், பின்னால் வரிசையும் நீள, விரலால் எதையோ காட்டினால், அந்த நேரத்தில் மட்டும் அவசரப்படாதே. நிமிர்ந்து பார். அவர் எதைக் காட்டுகிறார் என்று பார்.